தோள் மூட்டின் இரு கிழிவுகள்

நம் சங்க இதழில் ஒவ்வொருவரும் தத்தம் துறையைப் பற்றிப் பிற துறையினரும் அறியுமாறு எழுத வேண்டும் என்பது இதழாசிரியரின் விருப்பம். எலும்பு மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கும் எனக்குப் பொருள் தேடி அலைய வேண்டிய தொல்லை இருக்கவில்லை. விளையாட்டுப் போட்டிகள் தொடங்கிவிட்டால் விடுதி நண்பர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பது ஆண்டுதோறும் நடப்பது. அவர்களுள் பலர் கையில் எம்.ஆர்.ஐ. படத்தையும் கொண்டு வருவர். அந்தப் படத்தோடு வரும் அறிக்கையில் ‘கிழிவு’ என்ற ஒரு சொல் இருக்கும். அதனைப் படித்த நாள் முதல் அவர்களுக்கு உறக்கம் இராது. ‘அறுவை செய்ய வேண்டுமா? இனிப் பந்து எறிய முடியுமா?’ என்ற இரண்டே வினாக்கள்தாம் அவர்கள் கேட்பவை.

இவ்விரு வினாக்களுக்கும் படத்தைப் பார்த்து மட்டும் விடை கூற இயலாது என்பதே இக்கட்டுரையின் சாரம். கிழிந்தவர் எல்லாரும் நோயாளர் அல்லர். வலிப்பவர் எல்லார்க்கும் காரணம் கிழிவும் அன்று. அவ்வாறாயின் மருத்துவர் எதைக் கொண்டு முடிவு செய்கிறார்? அதனைப் படிப்படியாகக் காண்போம்.

மூட்டின் அமைப்பு

நம் உடலில் உள்ள மூட்டுகளுள் மிகுதியாக அசைவது தோள் மூட்டு. முதுகைச் சொறிகிறோம், தலைக்கு மேலே கூரையைத் தொடுகிறோம், பந்தை வீசுகிறோம். இவ்வளவு உரிமைக்கும் இயற்கை ஒரு விலை வாங்கியுள்ளது. இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலை ஆழமான கிண்ணத்துக்குள் அமர்ந்திருக்கிறது. தோளிலோ, மேற்கை எலும்பின் பெரிய உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பிலுள்ள ஆழமற்ற சிறு குழியின்மேல் சாய்ந்து நிற்கிறது. சிறு தட்டின்மேல் பெரிய எலுமிச்சம்பழத்தை வைத்தாற்போன்ற நிலை அது. எந்த நேரத்திலும் அத்தலையின் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் குழியோடு ஒட்டியிருக்கும். அப்படியிருந்தும் அது நழுவாமல் இருப்பதற்குச் சிறப்பான காரணங்கள் இரண்டு உண்டு.

முதலாவது, குழியைச் சுற்றி அமைந்த வளையம். நம் வீட்டு அடுக்களையில் அடிப்புறம் உருண்ட பானை உருளாமலிருக்கப் பிரிமணை வைப்பார்கள் அல்லவா? அதுபோலவே, குழியின் விளிம்பைச் சுற்றி நார் செறிந்த குருத்து ஒன்று வளையமாக ஓடுகிறது. இதனை மருத்துவ நூல்கள் லேப்ரம் என்னும். நாம் விளிம்புக் குருத்து என்போம். குழியின் ஆழத்தில் ஏறக்குறையப் பாதியை இவ்வளையமே தருகிறது. மூட்டைக் கட்டும் நார்கள் இதிலேதான் வந்து பற்றுகின்றன. மேற்கையின் இருதலைத் தசையின் நீண்ட நாணும் இதன் மேற்புறத்தில் தொடங்குகிறது.

இரண்டாவது, நான்கு தசைகளின் கூட்டு. இவை தோள்பட்டை எலும்பில் தோன்றி, முனையில் நாண்களாகத் திரண்டு, மேற்கை எலும்பின் தலையைச் சட்டைக் கையின் முனைப்பட்டைபோல் மூடிப் பற்றுகின்றன. பட்டை என்ற பொருளிலேயே இதற்கு ரொட்டேட்டர் கஃப் என்று பெயர் வந்தது. நாம் சுழல்தசைக் கூட்டு என்று வைத்துக்கொள்வோம். மேலே ஒன்று, முன்னே ஒன்று, பின்னே இரண்டு. கையைத் திருப்புவதும் தூக்கத் துணை செய்வதும் இவற்றின் வெளிப்படையான தொழில். எலும்பின் தலையைக் குழியின் நடுவில் அழுத்திப் பிடித்திருப்பது இவற்றின் மறைவான தொழில். அதுவே பெரிய தொழில்.

ஆகவே, நாண் கிழிந்தால் கை வலுவிழக்கும். வளையம் கிழிந்தால் மூட்டு நிலையிழக்கும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

அறிந்த வரலாறு

தோள் விலகுவதை மனிதன் பண்டே அறிவான். கிரேக்க மருத்துவர் இப்போகிரேட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களும், நம் நாட்டுச் சுசுருத சங்கிதையும், விலகிய தோளை மீளப் பொருத்தும் முறைகளைக் கூறுகின்றன. ஆனால் விலகிய தோள் பொருந்திய பின்னும் ஏன் மீண்டும் மீண்டும் விலகுகிறது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. செருமானியரான பெர்த்தெசு 1906இலும், இங்கிலாந்து நாட்டுப் பாங்கார்ட்டு 1923இலும், குழியின் முன்விளிம்பிலிருந்து வளையம் பெயர்ந்து போவதே அதற்குக் காரணம் என்று காட்டினர். இன்றும் அக்காயம் பாங்கார்ட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது.

தசைநாண் கிழிவை இலண்டனில் ஸ்மித் என்பவர் 1834இல் இறந்தோர் உடலில் கண்டு எழுதினார். அதைத் தைத்துச் சரி செய்யலாம் என்று காட்டியவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக் காட்மன். 1909இல் அறுவை செய்து 1911இல் எழுதினார்; 1934இல் தோளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். பந்து எறிவோர்க்கு வளையத்தின் மேற்பகுதி கிழிவதை ஆண்ட்ரூஸ் 1985இல் விளக்கினார். அவ்வகைக்கு 1990இல் ஸ்னைடர் பெயரிட்டு நான்கு பிரிவுகளாக வகுத்தார். மேல்விளிம்பில் முன்னிருந்து பின்னாக ஓடும் அக்கிழிவை ‘ஸ்லாப்’ கிழிவு என்பர்.

முதற்படி: கேட்டல்

இனி நோயறிதலுக்கு வருவோம். முதலில் கேட்கவேண்டியது வயது. நாற்பதுக்கு உட்பட்டவரின் தோள் விழுந்து விலகினால் பெரும்பாலும் வளையம் பெயரும். நாற்பதைக் கடந்தவருக்கு அதே வீழ்ச்சியில் நாண் கிழியும் வாய்ப்பு மிகுதி. இளைஞரின் நாண் வலியது. வயதானவரின் நாணோ ஆண்டுக்கணக்கில் நைந்த கயிறு. ஒரே வழுக்கல், ஒரே தரை. கிழியும் இடம் மட்டும் வேறு.

அடுத்துக் கேட்கவேண்டியது, எவ்வாறு வந்தது என்பது. ஒரு நொடியில் வந்ததா, ஓராண்டாக வளர்ந்ததா? கைப்பந்தில் கை உயர்த்தி அடிக்கும்போதா, கபடியில் கை இழுபட்டபோதா, பேருந்துக் கம்பியைப் பற்றித் தொங்கியபோதா? ‘நழுவி வெளியே போய்த் தானே உள்ளே வந்துவிட்டது’ என்று இளைஞர் ஒருவர் கூறினால், அந்த ஒரு வாக்கியம் பாதி நோயறிதல். ‘இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை; மேல் அலமாரியில் புத்தகம் எடுக்க முடியவில்லை’ என்று நடுவயதினர் கூறினால், நாண்களின்மேல் ஐயம் செல்ல வேண்டும். எறியும்போது மட்டும் தோளின் ஆழத்தில் வலியும் ‘சடக்’கென்ற ஒலியும் தோன்றுமானால், மேல்விளிம்பை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம்படி: கண்டலும் தொடுதலும்

சட்டையைக் கழற்றி இரு தோள்களையும் ஒருங்கே பார்ப்பது இன்றியமையாதது. முதுகுப்புறத்தில் ஒரு பக்கத்துத் தசை வற்றியிருப்பின், கிழிவு பழையது என்றோ நரம்பு நலிந்தது என்றோ கொள்ள இடமுண்டு.

பிறகு நோயாளர் தாமே கையை உயர்த்த வேண்டும். அடுத்து அதே கையை மருத்துவர் உயர்த்திப் பார்க்க வேண்டும். இந்த இரண்டின் வேறுபாடு மிகச் சிறந்த அறிகுறி. தாமே உயர்த்த முடியவில்லை, பிறர் உயர்த்தினால் முழுதும் உயர்கிறது என்றால், இழுக்கும் கயிறு அறுந்திருக்கலாம். பிறர் உயர்த்தினாலும் உயரவில்லை, வெளிப்புறமாகத் திருப்பவும் முடியவில்லை என்றால், மூட்டின் உறையே இறுகியிருக்கலாம், அதுவே உறைதோள். நீரிழிவு உடையோரிடம் இது மிகுதி. இந்நோயில் அறுவை பெரும்பாலும் தேவைப்படாது. இதனைக் கிழிவென்று கருதுவதும், கிழிவை இதுவென்று கருதுவதும் அன்றாடம் நேரும் குழப்பங்கள்.

கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது ஏறக்குறைய 60 பாகையிலிருந்து 120 பாகை வரை வலித்து, அதற்கு மேல் வலி குறைந்தால், மேல்நாண் நலிந்திருத்தல் கூடும். நீட்டிய கைகளைக் கட்டைவிரல் தரையை நோக்குமாறு திருப்பி, மருத்துவர் கீழே அழுத்த எதிர்த்து நிற்கச் செய்வது மேல்நாணுக்கான தேர்வு. முழங்கையை விலாவோடு ஒட்டி முன்கையை வெளியே தள்ளச் செய்வது பின்நாண்களுக்கு. புறங்கையை இடுப்பின் பின்னே வைத்து முதுகிலிருந்து விலக்கித் தூக்கச் செய்வது முன்நாணுக்கு. இத்தேர்வுகளில் வலியைவிட வலுக்குறைவே பெரிய சான்று.

வளையத்துக்குரிய தேர்வு வேறு வகை. நோயாளரைப் படுக்கவைத்து, பந்து எறியப் போகும் நிலையில் கையை விரித்து மெல்ல வெளிப்புறமாகத் திருப்புவோம். நிலையிழந்த தோளுடையவர் வலிக்கிறது என்று சொல்லமாட்டார். ‘போய்விடும், போய்விடும்’ என்று முகம் வெளுத்துக் கையைப் பிடித்துக்கொள்வார். தேர்வின் விடை அந்த அச்சமே. பிறகு எலும்பின் தலையை முன்னிருந்து உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு அதையே செய்தால் அச்சம் அகலும். மேல்விளிம்புக் கிழிவுக்கும் தேர்வுகள் பல உண்டு. அவற்றுள் ஒன்றையேனும் தனித்து நம்ப முடியாது. பல உண்டு என்பதே எதுவும் போதாது என்பதற்கு அடையாளம்.

கழுத்து நரம்பு அழுந்தினாலும் தோள் வலிக்கும். அப்போது வலி முழங்கையைத் தாண்டி விரல்வரை ஓடும், மரத்தும் போகும். நடக்கும்போதோ படியேறும்போதோ இடத்தோளில் வலியும் மார்பில் இறுக்கமும் வியர்வையும் தோன்றினால், அது தோள்நோய் அன்று, நெஞ்சுநோயாக இருக்கலாம். அவரை உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மூன்றாம்படி: படம்

விழுந்தவர்க்கு முதலில் எடுக்கவேண்டியது எளிய எக்ஸ் கதிர்ப் படம். எலும்பு முறிவு, மூட்டு விலகல், குழியின் விளிம்பெலும்பு தேய்வு ஆகியவற்றை அது காட்டும். நாண் கிழிவை அல்ட்ராசவுண்டு நன்கு காட்டும். செலவு குறைவு, ஆனால் கருவியைப் பிடிப்பவர் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. நாணின் கிழிவை மட்டுமன்றித் தசை எவ்வளவு கொழுப்பாக மாறியுள்ளது என்பதையும் காட்டும். வளையத்தைத் தெளிவாகக் காண வேண்டுமானால், மூட்டுக்குள் மருந்தைச் செலுத்திப் பின் எம்.ஆர்.ஐ. எடுப்பர்.

இவ்வளவு சிறந்த படத்தை நான் ஏன் மூன்றாம் இடத்தில் வைத்தேன்? 1995இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வொன்று அதற்கு விடை தரும். தோளில் எத்தொல்லையும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தனர். அவர்களுள் நூற்றுக்கு 34 பேரிடம் நாண் கிழிவு காணப்பட்டது. 60 வயதைக் கடந்தோரிடம் நூற்றுக்கு 54 பேர். அவர்கள் அனைவரும் வலியின்றிக் கையை உயர்த்தித் தலை வாரிக்கொண்டிருந்தவர்களே! நாற்பதுக்கு உட்பட்டோரிடமோ முழுக்கிழிவு ஒன்றேனும் இல்லை; பகுதிக்கிழிவு நூற்றுக்கு நான்கு மட்டும். முதியோர்க்கு நரைபோல நாண் கிழிவும் வரக்கூடும் என்பதும், இளைஞரிடம் காணப்படும் கிழிவை எளிதாகத் தள்ளிவிடலாகாது என்பதும் ஓர் ஆய்வே தரும் இரு பாடங்கள். ஆதலால் முன்பு கேட்டதற்கும் கண்டதற்கும் படம் பொருந்தினால்தான் அது சான்று. பொருந்தாவிடில் வெறும் படம்.

மருத்துவம்: தசைநாண்

நாள்பட நைந்து கிழிந்த நாணுக்கு முதல் மருத்துவம் உடற்பயிற்சியே. வலியைக் கிளறும் செயல்களைச் சில வாரம் குறைத்து, மருத்துவர் தரும் வலிநீக்கி மருந்தை அளவாக உண்டு, உடலியக்க மருத்துவரின் வழிகாட்டுதலில் தோள்பட்டைத் தசைகளையும் எஞ்சிய நாண்களையும் வலுப்படுத்த வேண்டும். 2013இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், அடிபடாமலே முழுக்கிழிவு நேர்ந்த 452 பேர் இவ்வாறு பயிற்சி பெற்றனர். ஈராண்டுக்குள் அறுவையை நாடியவர் நால்வரில் ஒருவர்க்கும் குறைவு. கிழிந்த நாண் ஒட்டிக்கொள்ளவில்லை. ஆயினும் எஞ்சிய தசைகள் அதன் பணியைப் பங்கிட்டுக்கொண்டன.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கும். பயிற்சி தொடங்க அது உதவும். ஆனால் அடிக்கடி போட்டால் நாணே நலியும். நாணுக்கு மேலுள்ள எலும்பு முனையைச் சீவிவிடும் அறுவை ஒன்று பல ஆண்டுகள் பெருவழக்காக இருந்தது. 2018இல் இங்கிலாந்திலும் பின்லாந்திலும் இருந்து வெளிவந்த ஆய்வுகள், மூட்டுக்குள் கருவியை விட்டுப் பார்த்துவிட்டு எதையும் சீவாமல் எடுத்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு நலமடைந்தனர் என்று காட்டின. அதன்பின் அவ்வறுவையைத் தனியே செய்வதற்கான ஆதரவு குறைந்துவிட்டது.

ஆனால், விழுந்த அன்றுமுதல் கை உயராமற்போன ஒருவரிடம் ‘மூன்று மாதம் பயிற்சி செய்து பாருங்கள்’ என்று கூறுவது தவறாகும். ஒரே நாளில் அறுந்த நாணின் தசை நாளடைவில் சுருங்கும், கொழுப்பாக மாறும். அம்மாற்றம் பெரும்பாலும் மீளாது. இத்தகையோரைச் சில வாரங்களுக்குள் அறுவை வல்லுநர் பார்த்தல் வேண்டும். ஊரில் உள்ள நம் தந்தையரும் தாயரும் குளியலறையில் வழுக்கி விழுந்து ‘சுளுக்கு’ என்று தைலம் தேய்த்து ஆறு மாதம் போக்கிவிடுவது உண்டு. தொலைபேசியில் பேசும்போது, ‘கையைத் தாமே தலைக்கு மேல் தூக்க முடிகிறதா?’ என்று அவர்களைக் கேளுங்கள். அவ்வொரு கேள்வி ஒரு தோளைக் காக்கக்கூடும்.

மருத்துவம்: விளிம்புக் குருத்து

தோள் விலகினால் மருத்துவமனையில் அதனை மீளப் பொருத்தி, தோளின் வெளிப்புறத் தோலில் உணர்ச்சி உள்ளதா என்று நரம்பைச் சோதித்து, இரண்டு மூன்று வாரம் தூளியில் வைத்து, பின் பயிற்சி தருவர். முதல்முறை விலகிய இளைஞர்க்கு அத்துடன் முடிந்துவிடுமா? எடின்பரோவில் 15 முதல் 35 வயதுக்குட்பட்டவரைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஈராண்டுக்குள் பாதிக்கு மேற்பட்டோர்க்கும் ஐந்தாண்டுக்குள் மூன்றில் இரு பங்கினர்க்கும் தோள் மீண்டும் நிலையிழந்தது. ஒவ்வொரு விலகலிலும் குழியின் விளிம்பெலும்பு சிறிது தேயும். எனவே மோதி விளையாடும் இளைஞர்க்கு முதல் விலகலுக்குப் பின்னரே அறுவையைப் பற்றிப் பேசுதல் இன்று வழக்கம். விளையாட்டை விட்டவர்க்கும் வயது கூடியவர்க்கும் பயிற்சியே போதுமாகலாம்.

அறுவையில், சிறு துளைகள் வழியே குழாய்க் கருவியைச் செலுத்தி, பெயர்ந்த வளையத்தைக் குழியின் விளிம்பில் சிறு முளைகள் அடித்து நூலால் கட்டுவர். விளிம்பெலும்பு மிகுதியும் தேய்ந்திருந்தால் இக்கட்டு நில்லாது. அப்போது அருகிலுள்ள எலும்புத் துண்டு ஒன்றைத் தசையோடு பெயர்த்து விளிம்பில் பொருத்துவர். பிரெஞ்சு மருத்துவர் இலாத்தர்ழே 1954இல் கூறிய முறை இது.

மேல்விளிம்புக் கிழிவின் கதை வேறு. நார்வேயில் 118 நோயாளரை மூன்று பிரிவாக்கி, சிலர்க்கு வளையத்தைத் தைத்து, சிலர்க்கு இருதலைத் தசையின் நாணை இடம் மாற்றிக் கட்டி, மற்றவர்க்குத் தோலை மட்டும் திறந்து மூடினர். 2017இல் வெளிவந்த முடிவின்படி மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் நலமடைந்தனர். ஆகவே படத்தில் ‘ஸ்லாப்’ என்று கண்டவுடன் கத்தியை நாட வேண்டுவதில்லை.

பொறுமை என்னும் மருந்து

கட்டிய நூல் நாணைத் தற்காலிகமாகத்தான் பிடித்திருக்கும். நாண் எலும்போடு ஒட்டுவதற்கு ஏறக்குறைய 12 வாரம் வேண்டும். முதல் நான்கு முதல் ஆறு வாரம் தூளி. பிறகு பிறர் துணையுடன் அசைவு. பிறகு தாமே அசைத்தல். மூன்றாம் மாதத்துக்குப் பின்னரே வலுப்பயிற்சி. மோதி விளையாட ஏறக்குறைய ஆறு மாதம். கிரிக்கெட் வீரர் சிரேயஸ் ஐயர் 2021 மார்ச்சில் புனாவில் இங்கிலாந்தோடு ஆடுகையில் பந்தைத் தடுக்கப் பாய்ந்து தோள் நழுவினார். ஏப்ரலில் அறுவை; செப்டம்பரில்தான் மீண்டும் ஆடுகளம் கண்டார். சிறந்த மருத்துவரும் பயிற்சியாளரும் உடனிருந்த வீரர்க்கே ஐந்து மாதமாயிற்று. நாமோ மூன்றாம் வாரமே தூளியைக் கழற்றி வலைப்பயிற்சிக்குப் புறப்படுகிறோம்! புகைத்தலும் கட்டுக்கடங்காத நீரிழிவும் நாண் ஒட்டுவதைக் கெடுக்கும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

விடுதியில் நினைவில் கொள்ளத்தக்கவை

ஆடுகளத்தில் நண்பர் ஒருவரின் தோள் உருமாறித் தொங்கினால், அதைப் பிடித்து இழுத்துப் பொருத்த முற்படாதீர்கள். முறிவும் உடனிருந்தால் நரம்பும் குருதிக்குழாயும் அறுபடும். கையை அந்நிலையிலேயே துண்டால் கட்டி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். புதிய அடிக்குச் சூடான தைலமும் அழுத்திப் பிடிப்பும் வேண்டா. துணியில் சுற்றிய பனிக்கட்டியை ஒரு முறைக்குக் கால்மணி நேரம் வைத்தல் நலம். விழுந்தபின் கை உயரவில்லை, மரத்துப் போயிற்று, காய்ச்சலுடன் மூட்டு சிவந்து வீங்கிற்று என்றால் காத்திராதீர்கள். அடியின்றிப் பயிற்சி மிகுதியால் வந்த வலியாயின், இரண்டு மூன்று வாரம் ஓய்வும் அளவான பயிற்சியும் கொடுத்துப் பாருங்கள். தணியாவிடில் மருத்துவரிடம் செல்லுங்கள். அவரிடம் படத்தை நீட்டுமுன் உங்கள் வயதையும், காயம் வந்த வகையையும், கையால் எதைச் செய்ய முடியவில்லை என்பதையும் கூறுங்கள். படத்தை அவர் பிறகு பார்த்துக்கொள்வார்.

வெளியூருக்குப் படிக்க வந்திருக்கும் நமக்கு உடலே முதல் உடைமை. தோளில் கிழிவு என்ற சொல்லைக் கேட்டு அஞ்சி அறுவைக்கு ஓடுவதும் வேண்டா. அறுந்த நாணைச் சுளுக்கென்று எண்ணிக் காலம் கடத்துவதும் வேண்டா. எது விரைவுக்குரியது, எது பொறுமைக்குரியது என்று பிரித்து அறிந்துகொண்டால், அடுத்த ஆண்டுப் போட்டியிலும் நம் சங்கத்தார் தோள் உயர்த்திப் பந்தெறிவர் என்பதில் ஐயமில்லை.